கேட்டுக்கும் மோடத்துக்கும் நடுவே

கிள்ளானில் எங்கள் தாமான் வீட்டு கேட் தூணில் வீடியோ டோர்பெல் மாட்டிய முதல் வாரம். சித்தப்பா முறுக்கு டின்னோடு வந்து பெல்லை அழுத்தினார். என் போனில் அவர் முகம் பாதி தெரிந்து, அப்படியே நின்றுவிட்டது. "வீட்ல யாரும் இல்லையாம்மா?" என்ற குரல் வந்து சேர்ந்தபோது அவர் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எது தேறும், எது தேறாது என்று பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: பெரிய ப்ளானுக்கு மாறினால் சரியாகிவிடும்.

உண்மை: மாதா மாதம் நாம் கட்டும் பணம், தெருவிலிருந்து மோடம் வரை வரும் வேகத்துக்கு. மோடத்திலிருந்து கேட் வரை உள்ள முப்பது அடியை எந்த ப்ளானும் கவனிப்பதில்லை. பெல் வீடியோ அனுப்ப, விநாடிக்கு 2 மெகாபிட் அளவு பதிவேற்ற வேகமே பொதுவாகப் போதும். 100 மெகாபிட் லைன் உள்ள வீட்டில் படம் நின்றுபோனால், குறை பெரும்பாலும் அந்த முப்பது அடியில்தான்.

நம்பிக்கை: போனில் லைன் முழுசாகக் காட்டுகிறது, பெல்லுக்கும் அப்படித்தான் கிடைக்கும்.

உண்மை: நீங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள், பெல்லோ வெயிலில் தூணில் தொங்குகிறது. அதற்கு என்ன கிடைக்கிறது என்பதை அதன் செயலியிலேயே பார்க்கலாம். பல பெல்களில் சிக்னல் வலிமை ஆர்எஸ்எஸ்ஐ என்ற பெயரில் கழித்தல் எண்ணாக இருக்கும். -50 என்றால் பலம், -60 என்றால் பரவாயில்லை, -70ஐத் தாண்டினால் திணறல். பத்து எண் இறங்கினால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடும். -50க்கும் -70க்கும் நூறு மடங்கு வித்தியாசம்.

அதை எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் பகலில் அறுபதுக்குள் இருந்த எண், இரவில் எழுபதைத் தாண்டியது. காரணம் பேயும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. வேலை முடிந்து வந்த கார், போர்ச்சில் மோடத்துக்கும் தூணுக்கும் நடுவே இரும்புச் சுவராக நின்றது. ஆகவே காரை உள்ளே விட்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: பெயரில் '5ஜி' என்று இருக்கும் வைஃபையில் இணைத்தால்தான் நல்லது.

உண்மை: இந்த 5ஜி வேறு. மலேசியாவில் 2021 டிசம்பரில் தொடங்கிய கைப்பேசிச் சேவையான 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மோடம் சொல்வது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை. பக்கத்தில் இருந்தால் வேகம் அதிகம்; சுவர் குறுக்கிட்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் குறைவு, தூரத்தில் கெட்டி. பல பெல்களுக்கு 2.4 மட்டுமே தெரியும். இரண்டும் ஒரே பெயரில் இருந்து பெல் இணையாமல் அடம்பிடித்தால், மோடத்தில் 2.4க்குத் தனிப்பெயர் கொடுங்கள்.

நம்பிக்கை: செங்கல் சுவர்தான் எதிரி.

உண்மை: 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சாய்த்தபின், அத்தாப்புக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடுமாக நகரம் எழுந்தது. அதற்குச் செங்கல் சுட்ட இடம் என்பதால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர். அங்குள்ள பழைய கடைவீடுகளின் தடித்த சுவர் சிக்னலைக் குறைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைவிடப் பொல்லாதவை உண்டு: கம்பி கட்டிய கான்கிரீட், தகடு அடித்த கேட், இழுப்புக் கதவு, பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி. வெறும் கம்பி கேட் என்றால் சந்து வழியாக ஓரளவு நுழைந்துவிடும். எங்கள் மோடம் டிவி அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சிக்னல் வாசலைத் தாண்டுமுன்பே தண்ணீரில் முங்கி எழ வேண்டியிருந்தது.

நம்பிக்கை: மோடத்தின் ஆன்டெனாவைக் கேட் பக்கம் நீட்டினால் சிக்னல் அங்கே பாயும்.

உண்மை: ஆன்டெனா டார்ச்லைட் அல்ல. குச்சியைச் சுற்றி மெதுவடை போல சிக்னல் பரவும். குச்சியின் நுனி இருப்பது வடையின் ஓட்டையில். நுனியைக் கேட் பக்கம் நீட்டினால் பெல்லுக்குக் கிடைப்பது ஓட்டைதான். நிமிர்த்தி வையுங்கள்.

நம்பிக்கை: கேட் பக்கத்திலேயே ஒரு ரிப்பீட்டர் மாட்டினால் போதும்.

உண்மை: ரிப்பீட்டர் தன் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். கேட்டருகே எதுவும் சரியாக விழாதபோது அது எதைச் சொல்லும்? மோடத்துக்கும் கேட்டுக்கும் நடுவில், முன் ஜன்னலோரம் வையுங்கள். ஒரே அலைவரிசையில் கேட்டுப் பேசும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும்; பெல்லுக்கு அந்தப் பாதியே தாராளம். இதைவிட உறுதியான வழி, லான் கேபிள் இழுத்து முன் அறையில் இன்னொரு வைஃபை கருவியை வைப்பது. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

நம்பிக்கை: மழை பெய்தால் வைஃபை படுத்துவிடும்.

உண்மை: முப்பது அடி தூரத்தில் மழைத்துளி செய்யும் கெடுதல் கணக்கில் வராது. மழை நாளில் கார் வீட்டிலேயே நிற்கும், பழி மழைமேல் விழும். இடிதான் நிஜமான ஆபத்து. வெளியே கேட் வரை லான் கேபிள் இழுத்தால், மின்னல் அதிர்ச்சி அதன் வழியே மோடத்துக்கு வரலாம்; தடுப்புக் கருவி இல்லாமல் இழுக்காதீர்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஒரு லான் கேபிள் மட்டும். அதை இழுத்து, மோடத்தை அலமாரியிலிருந்து விடுவித்து முன் ஜன்னலுக்கு மேலே ஏற்றினோம். தூணில் பெல்லைக் காரின் கூரை மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயர்த்தினோம். பெல்லின் பேட்டரியும் இப்போது கூடுதல் நாள் வருகிறது. சிக்னல் மெலிந்தால், திரும்பத் திரும்ப அனுப்பியே அது காலியாகிவிடுமாம்.

போன வாரம் சித்தப்பா வந்தார். போனில் அவர் மீசை நரைகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மனிதர் பெல்லைத் தொடவே இல்லை. கேட் பூட்டைப் பிடித்துக் கம்பியில் நாலு தட்டுத் தட்டினார்.