ஒன்பது பேர், ஒரு போர்வை

அமெரிக்காவில், பெற்றோரிடம் பாதுகாப்பாக இருக்க முடியாத குழந்தைகளை அரசு வேறொரு குடும்பத்திடம் தற்காலிகமாக ஒப்படைக்கிறது. இதைத்தான் ஃபாஸ்டர் கேர் என்கிறார்கள். எந்த நாளில் கணக்கெடுத்தாலும் நாடு முழுக்க 3 லட்சம் குழந்தைகளுக்கு மேல் இப்படி இருக்கிறார்கள். சமூகப் பணியாளர் வந்து அழைத்துப் போகும்போது பல குழந்தைகள் கைக்குக் கிடைத்ததைக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் காரில் ஏறுகிறார்கள். போய்ச் சேரும் வீட்டில் கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் இருக்கும். ஆனால் எல்லாமே அந்த வீட்டுக்குச் சொந்தம். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு மாற்றினாலும் கூடவே எடுத்துப் போகிற மாதிரி ஒன்று குழந்தைக்கென்று இருக்கட்டும் என்றுதான் ஊர் ஊராகத் தையல் குழுக்கள் குயில்ட் என்ற அடுக்குப் போர்வையைத் தைத்துக் கொடுக்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் வார இறுதிகளில் கூடும் இடங்களில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். மீதிப் பேருக்கு அளக்க, வெட்ட, இஸ்திரி போடத் தெரிந்தால் போதும். ஒன்பது பேர் சேர்ந்தால் ஒரே சனிக்கிழமையில் ஒரு போர்வையின் மேல்பக்கத்தை முடித்துவிடலாம். அதற்கான வழி இது.

துணி வாங்குவதற்கு முன் போனை எடுங்கள். உங்கள் கவுண்டியின் குழந்தைகள் நல அலுவலகத்தையோ, ஃபாஸ்டர் குடும்பங்களுக்கு உரிமம் வாங்கித் தரும் ஏஜென்சியையோ அழைத்துப் பேசுங்கள். நீதிமன்றத்தில் குழந்தைக்காகப் பேசும் தன்னார்வலர்களின் அமைப்பான காசா பல கவுண்டிகளில் உண்டு. 1977-ல் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தொடங்கிவைத்த முயற்சி அது, அவர்களிடமும் கேட்கலாம். யாரையுமே தெரியாது என்றால் புராஜெக்ட் லைனஸ் இருக்கிறது. 1995-ல் கொலராடோவில் கேரன் லௌக்ஸ் ஆரம்பித்த அமைப்பு; பீனட்ஸ் கார்ட்டூனில் போர்வையை விடாமல் இழுத்துக்கொண்டு திரியும் பையனின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். நோய், துயரம், இடமாற்றம் என்று எந்தக் கஷ்டத்தில் இருக்கும் குழந்தைக்கும் அவர்கள் போர்வை சேர்க்கிறார்கள். பல ஊர்களில் கிளை உண்டு.

நாலு கேள்வி கேளுங்கள். எந்த வயதுக்கு வேண்டும்? என்ன அளவு? புதுத் துணி மட்டும்தானா? துவைத்துத் தர வேண்டுமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பதின்வயதுப் பிள்ளைகளுக்கு. கைக்குழந்தைக்குத் தைக்க எல்லோருக்கும் ஆசை. சின்னதாக இருக்கும், சீக்கிரம் முடியும், யானையும் முயலுமாகத் துணி கிடைக்கும். அதனால் அவை குவிந்து கிடக்கும். தவிரவும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் தொட்டிலில் போர்வையே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. கைக்குழந்தைக்கு நீங்கள் தைப்பது தரையில் விரித்து விளையாட விடத்தான் பயன்படும்.

ஆனாலும் குழுவின் முதல் போர்வை சின்னதாக இருப்பதே நல்லது. கை பழகட்டும். நடக்கப் பழகிய குழந்தையிலிருந்து ஏழு, எட்டு வயது வரை பொருந்துகிற 36-க்கு 54 இஞ்ச் அளவில் தொடங்குங்கள். இந்த அளவை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. குயில்ட் காட்டன் பொதுவாக 44 இஞ்ச் அகலத்தில் வரும். கரை போக 42 தேறும். இந்தப் போர்வைக்கு அடித்துணி 40-க்கு 58 வேண்டும். ஒரே துண்டில் அடங்கிவிடும், நடுவில் ஒட்டுத் தையல் போட வேண்டியதில்லை. ஒன்றே முக்கால் கெஜம் வாங்கினால் போதும். நடுவில் வைக்கிற பஞ்சு விரிப்பை, அதாவது பேட்டிங்கை, கடையில் 'கிரிப்' அளவு என்று கேளுங்கள். 45-க்கு 60, இதற்கென்றே அளந்து வைத்த மாதிரி இருக்கும்.

மேல்பக்கத்துக் கணக்கு இன்னும் சுலபம். ஆறரை இஞ்ச் சதுரங்கள், வரிசைக்கு ஆறு, மொத்தம் ஒன்பது வரிசை. ஆக 54 சதுரம். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போனபின் ஒவ்வொன்றும் ஆறு இஞ்ச் நிற்கும். குயில்ட் கடைகளில் 18-க்கு 22 இஞ்சில் வெட்டி மடித்து வைத்திருக்கும் துண்டுக்கு ஃபேட் குவார்ட்டர் என்று பெயர். அதில் ஆறரை இஞ்ச் சதுரம் சரியாக ஆறு வெட்டலாம். எனவே ஆளுக்கு ஒரு ஃபேட் குவார்ட்டர், ஆளுக்கு ஆறு சதுரம், ஆளுக்கு ஒரு வரிசை. யாருக்கும் வேலை கூடவும் குறையவும் செய்யாது. பத்தாவதாக ஒருவர் வந்தால் அவரை இஸ்திரிப் பெட்டியிடம் அனுப்புங்கள்.

நிறத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் ஒன்பதும் ஒன்பது திக்கில் போகும். முன்கூட்டியே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: 'நீலம், பச்சை, சாம்பல், கொஞ்சம் மஞ்சள்' என்ற அளவுக்குச் சொன்னால் போதும். பண்டிகை அச்சு, சாமி படம், துப்பாக்கி, மண்டை ஓடு வேண்டாம். போர்வை எந்த வீட்டுக்குப் போகும், எந்த மதத்துக் குழந்தைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

"அக்கா, பார்டருக்குக் கொஞ்சம் ஜரிகை வெச்சா எடுப்பா இருக்கும்ல?" இந்தக் கேள்வி எந்தக் குழுவிலும் வரும். வேண்டாம். ஜரிகை, கண்ணாடி, மணி, பொத்தான், சம்கி எதுவும் கூடாது; சின்னக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், ஜரிகை சருமத்தை உறுத்தும். பட்டுத் துணியும் ஆகாது. இந்தப் போர்வை வாரம் ஒருமுறை வாஷிங் மெஷினிலும் டிரையரிலும் சுற்றப்போகிறது. அதைத் தாங்காத எதையும் மேஜைக்கே கொண்டுவராதீர்கள்.

நூல் சேலை வைக்கலாமா என்றால், வைக்கலாம், இரண்டு நிபந்தனை. புதுத் துணி மட்டும் என்று வாங்குகிற இடம் சொல்லியிருந்தால், கட்டிய சேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரிகிற துணியில் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றிலிருந்து இந்த அளவுக்கு மூன்று அடித்துணி கிடைக்கும். குயில்ட் கடை விலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2025-ல் ஜோஆன் துணிக்கடைகள் எல்லாம் மூடியபின் பல ஊர்களில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கவே கடை இல்லை.

சேலையில் இருக்கும் ஆபத்து சாயம். மதுரை சுங்குடியும் செட்டிநாட்டுக் கட்டமும் பார்க்க அழகு. அடர் சிவப்பும் கறுநீலமும் வெள்ளைச் சதுரத்தின் மேல் இறங்கிவிட்டால் ஒன்பது பேர் உழைப்பும் ரோஸ் கலராகிவிடும். சோதிக்க ஒரு நிமிடம் போதும். வெள்ளைப் பழந்துணியை நனைத்துப் பிழிந்து, சேலையின் மூலையில் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக இரண்டு மூன்று முறை துவைத்து மறுபடி தேய்த்துப் பாருங்கள். அப்போதும் ஏறினால் அது இந்தப் போர்வைக்கு இல்லை. எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

வெட்டுவதற்குச் சக்கரக் கத்தியான ரோட்டரி கட்டரும், கட்டம் போட்ட பாயும், ஆறரை இஞ்ச் கண்ணாடி ஸ்கேலும் ஒவ்வொன்று இருந்தால் போதும். வெட்டுகிறவரும் ஒருவராகவே இருக்கட்டும். ஒன்பது பேர் ஒன்பது கத்தரிக்கோலால் வெட்டினால் ஆறரை இஞ்சுக்கு ஒன்பது அர்த்தம் வந்துவிடும்.

தையலிலும் இதே சிக்கல்தான், கூட்டுப் போர்வையின் பெரிய சிக்கலே இது. ஒருவருடைய கால் இஞ்ச் இன்னொருவருக்கு முக்கால் நூல் அதிகமாக இருக்கும். ஒரு தையலில் தெரியாது. ஐந்து தையல் சேரும்போது ஒரு வரிசை 36 இஞ்ச், பக்கத்து வரிசை 35 என்று நிற்கும். ஆகவே மெஷின் ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சோதனை. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, இஸ்திரி போட்டு அளங்கள். மொத்த அகலம் மூன்றரை இஞ்ச் வர வேண்டும். குறைந்தால் அதிகத் துணியைப் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாக. சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, துணி விளிம்பு அதை உரசிக்கொண்டே போகும்படி தையுங்கள். இருபது வருஷம் ரவிக்கை தைத்தவர்களும் இந்தச் சோதனையைச் செய்யத்தான் வேண்டும். ரவிக்கைக்கு விடும் துணி வேறு.

சதுரங்களைத் தரையில் பரப்பிப் பார்க்கிற நேரம்தான் நாளிலேயே கலகலப்பான நேரம். ஒரே துணி பக்கம் பக்கமாக வராமல் கலைத்துப் போடுங்கள். போனில் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் அடர் நிறமெல்லாம் ஒரே மூலையில் கூடியிருக்கிறதா என்று உடனே தெரியும். பிறகு ஒவ்வொரு வரிசையையும் அடுக்கி, இடதுபுறச் சதுரத்தில் வரிசை எண் எழுதிய சீட்டைக் குத்தி, ஆளுக்கொன்றாகக் கொடுங்கள்.

வரிசை தைத்து முடிந்ததும் பின்பக்கத் தையல் மடிப்புகளை இஸ்திரி போட வேண்டும். ஒற்றைப்படை வரிசையில் எல்லா மடிப்பும் இடப்பக்கம் படியட்டும், இரட்டைப்படையில் வலப்பக்கம். இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல நெருடிப் பாருங்கள். மேடு இருந்தால் இன்னும் சேரவில்லை, சட்டென்று சமமானால் சேர்ந்துவிட்டது. அங்கேயே ஒரு குண்டூசி. நாலு சதுரங்களின் முனை கூடுமிடம் அப்படியே கூர்மையாக நிற்கும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், எடுத்து எடுத்து வையுங்கள். இழுத்தால் சதுரம் நாற்சதுரமாக இராது.

மூன்று அடுக்கையும் சேர்க்கப் பெரிய மேஜை வேண்டும். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுருக்கம் இல்லாமல் ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். மேலே பேட்டிங், அதற்கும் மேலே தைத்த துணி. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்திக்கொண்டே போங்கள். எத்தனை ஊக்கு குத்தினோம் என்று எண்ணி எழுதி வையுங்கள். கழற்றும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும். குழந்தைக்குப் போகும் துணியில் ஓர் ஊசி தங்கினாலும் தப்பு.

அடுக்குகளைத் தைக்க, மூலையிலிருந்து மூலைக்குச் சதுரங்களின் குறுக்கே நேர்கோடு போட்டால் போதும். இரு திசையிலும் போட்டால் கோடுகளுக்கு இடையே நாலேகால் இஞ்ச் வரும். பேட்டிங் உறையில் எத்தனை இஞ்சுக்கு ஒரு தையல் வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினில் அடுக்குகளைச் சமமாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டி, தையல் நீளத்தை மூன்றாக வைத்து, நடுக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். நூலால் முடிச்சுப் போட்டு அடுக்குகளைப் பிடிக்கும் முறையும் உண்டு, மெஷின் தெரியாதவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அதைப் பெரிய பிள்ளைகளின் போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தை முடிச்சைக் கடித்து இழுக்கும்.

ஓரப்பட்டைக்கு இரண்டரை இஞ்ச் அகலத்தில் ஐந்து பட்டைகளை வெட்டி நீளமாக இணைத்து, இரண்டாக மடியுங்கள். பின்பக்கம் வைத்துத் தைத்து, முன்பக்கம் திருப்பி அங்கேயும் மெஷின் தையலே போடுங்கள். கைத்தையல் அழகுதான். போட்டிக்கு அனுப்பும் குயில்ட்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இது டிரையருக்குப் போகும் போர்வை.

முடிந்ததும் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து டிரையரில் போடுங்கள். விட்டுப்போன தையல் எதுவானாலும் இந்த முதல் துவைப்பில் வாயைத் திறந்துவிடும், தைத்து மூடுங்கள். சிகரெட் புகை, நாய் பூனை முடி, ஊதுபத்தி, தாளிப்பு வாசனை எதுவும் ஒட்டாதபடி உடனே மூடி வையுங்கள். நம் வீட்டு வாசனை நம் மூக்குக்குத் தெரியாது.

லேபிள் வைப்பதாக இருந்தால் 'உனக்காகத் தைத்தது' என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் போதும். கீழே வெற்றிடம் விட்டு, துணியில் எழுதும் பேனா ஒன்றையும் கூட வையுங்கள். பெயரைக் குழந்தையே எழுதிக்கொள்ளட்டும். ஃபாஸ்டர் என்ற சொல்லும், நம் சங்கத்தின் பெயரும், போன் நம்பரும் லேபிளில் வேண்டாம். குழந்தையின் பெயரையோ படத்தையோ கேட்காதீர்கள். சட்டப்படி தர மாட்டார்கள், தரவும் கூடாது. மிஞ்சிய துணியில் சுருக்குப்பை ஒன்று தைத்து, போர்வையை அதற்குள் வைத்துக் கொடுங்கள். மறுபடி இடம் மாறும் நாளில் குப்பைப் பைக்குப் பதில் அது உதவும்.

இரண்டாவது போர்வை கட்டாயம் பெரிய பிள்ளைக்கு. பத்து இஞ்ச் சதுரங்கள் 48. ஆறு பத்தி, எட்டு வரிசை. தைத்தபின் 57-க்கு 76 இஞ்ச் வரும். அடித்துணிக்கு மூன்றரைக் கெஜம் வாங்கி, இரண்டாக வெட்டி இணைக்க வேண்டும். பேட்டிங் ட்வின் அளவு. சதுரம் பெரிது என்பதால் தையல் வேலை அதிகமாகாது. யானை, முயல் வேண்டாம். கறுப்பு, சாம்பல், டெனிம் நீலம், ஒரு பளிச் நிறம் என்று பதினாறு வயதுப் பையன் நண்பன் முன்னால் கூச்சமில்லாமல் போர்த்திக்கொள்ளும் நிறங்களாகப் பாருங்கள். பதினெட்டிலோ, சில மாநிலங்களில் இருபத்தொன்றிலோ இவர்கள் ஃபாஸ்டர் கேரை விட்டு வெளியேறித் தனியாக அறை எடுக்கும்போதும் இந்தப் போர்வை கூடப் போகும். முதல் போர்வையைக் கொடுக்கப் போகும்போதே, பெரிய பிள்ளைகளுக்கு எத்தனை தேவைப்படுகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.