காயிலை மாற்றும் முன் கணக்குப் போடுவோம்

பெட்ரோல் கார் கிளம்பாவிட்டால் பல இடங்களில் முதலில் சொல்வது, "காயில் போச்சுப்பா, மாத்திடு" என்பதுதான். போனது காயில்தானா என்று கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் இந்தப் பாடத்துக்கு அதுவே நல்ல வண்டி. திருவொற்றியூரில் தயாரான, பாயின்ட் வைத்த பழைய புல்லட்டிலும் இதே தத்துவம்தான். பாட்டரி, இக்னிஷன் சுவிட்ச், காயிலின் பிரைமரி, பாயின்ட், எர்த் – இதுதான் கரென்ட் போகும் பாதை. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் உண்டாகும். திறந்ததும் அது சட்டென்று சரியும். செகண்டரியில் சுமார் 20,000 வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறி வரும்.

சோதிக்கும் முறை:

1. கியரை நியூட்ரலில் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் நடுவிலுள்ள எச்.டி. ஒயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் என்ஜினிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பிடித்து, ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். நீலப் பொறி பலமாக வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. கோளாறு கேப், ரோட்டார், பிளக் பக்கம். பெட்ரோல் கசிந்தால் இதைச் செய்யவே கூடாது.

2. பொறி இல்லையா? சுவிட்சைப் போட்டு, காயிலின் பிளஸ் முனையில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எரியாவிட்டால் சுவிட்ச், ஒயர் பக்கம் பாருங்கள்.

3. மைனஸ் முனையில் வைத்து என்ஜினைச் சுற்றினால் லேம்ப் விட்டு விட்டு எரிய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயின்ட் சேரவில்லை. எரியவே இல்லையென்றால் பாயின்ட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். இப்போது எரிந்தால் பாயின்ட் அல்லது கன்டென்சர் ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால்தான் பிரைமரி அறுந்திருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பக்கம் உப்புக் காற்று. டெர்மினலில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதனால் 1 ஓம் தடை கூடியதாக வைத்துக்கொள்வோம். பிரைமரி 3 ஓம், பாட்டரி 12 வோல்ட் என்றால், 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 3 ஆம்பியர்தான் போகும். காயிலில் சேரும் சக்தி கரென்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 பங்கு இருக்க வேண்டியது 9 ஆகிவிடும். ஏறக்குறைய பாதி போச்சு! ஆனால் டெஸ்ட் லேம்ப் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. பாயின்ட் திறந்திருந்தால் அது பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றிவிடும்.

ஆகவே பாயின்ட்டை மூடிய நிலையில் வைத்து, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி பிளஸ்ஸிலும், மறு முனையைக் காயில் பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ களிம்பு அல்லது லூஸ். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காயில் சூடேறிவிடும்.

நான் ஞாயிறுதோறும் வேலை பழகும் பட்டறைக்கு ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. வேறெங்கோ புதுக் காயில் மாட்டியும் கோளாறு தீரவில்லை. மீட்டர் இரண்டரை வோல்ட் காட்டியது. சுவிட்சின் பின்னால் இருந்த லக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் வண்டி கிளம்பியது. "முதல்லயே இதைப் பாத்திருந்தா ஒரு நாள் சம்பாத்தியம் மிஞ்சியிருக்குமே தம்பி" என்றார் டிரைவர் அண்ணன். எங்கள் வீட்டில் ஓம் விதி படித்த முதல் ஆள் நான். துறைமுகத்தில் சுமை தூக்கும் அப்பாவிடம் அன்றைக்குத்தான் அதன் பலனை விளக்கிச் சொல்ல முடிந்தது.

புதிய கார்களில் பாயின்ட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. பல வண்டிகளில் பிளக்குக்கு ஒரு காயில். அவற்றில் மேலே சொன்ன பொறி, லேம்ப் சோதனைகளைச் செய்யாதீர்கள்; மின்னணுப் பாகங்கள் கெட்டுப்போகும். ஆனால் ஓம் விதி மாறவில்லை. முதலில் மீட்டரை எடுப்போம், பிறகு ஸ்பேனரை எடுப்போம்!