மருந்துக் கடையில் ஒரு சம்பவ நோட்டு



மருந்துக் கடையில் பில் புத்தகம் உண்டு. ஷெட்யூல் எச்-1 மருந்துகளுக்கு 2014 மார்ச் 1 முதல் தனிப் பதிவேடும் உண்டு. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் சட்டம் கேட்பது. நான் சொல்ல வந்தது வேறொரு நோட்டு. வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் அன்றைக்கே எழுதி வைக்கிற நோட்டு.

நான் பார்மசி இரண்டாம் ஆண்டு. மாலையில் ஒரு மருந்துக் கடையில் உதவிக்கு நிற்கிறேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். பஸ் காசு, நோட்டுக் காசு எல்லாம் இதில்தான்.

மூட்டுவாதத்துக்கு ஒரு பாட்டி மாத்திரை வாங்கிப் போனார். மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மில்லிகிராம், வாரம் ஒன்று, நாலு மாத்திரை. ஐந்தாம் நாளே வந்துவிட்டார். "மாத்திரை தீந்துபோச்சு தம்பி. வாயெல்லாம் புண்ணு, கஞ்சி கூட எறங்கல."

நானோ ஸ்டிரிப்பை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்! பார்மசிஸ்ட் அக்கா என் கையைப் பிடித்தார். மூட்டுவாதத்துக்கு இந்த மருந்து வாரம் ஒருமுறைதான். தினம் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி குறையும், உயிரே போகலாம். டாக்டருக்குப் போன் செய்து, பாட்டியை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அன்று ராத்திரி அக்கா நோட்டை நீட்டினார். 'பாட்டி தவறாகச் சாப்பிட்டுவிட்டார்' என்று எழுதினேன். அக்கா அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியணுமாம். "நீ பார்த்தியா? கவர்ல என்ன இருந்துச்சு, அதை எழுது" என்றார்.

கவரில் 1-0-0 என்று இருந்தது. வாரம் என்ற வார்த்தையே இல்லை. என் கையெழுத்து.

பேனா ஓடவில்லை. வேலை போயிடும், காலேஜில் தெரிஞ்சிடும், அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன்? கடைசியில் எழுதினேன். தேதி, மணி, மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எந்தெந்த நாள் சாப்பிட்டார், பாட்டி சொன்னது அவர் பேச்சிலேயே, யாருக்கு எத்தனை மணிக்குப் போன். பேட்ச் நம்பரைப் பில்லைப் பார்த்துத்தான் எழுதினேன். வெட்டிக் கொடுத்த துண்டில் அது இல்லை. பிறகு, 'கவரில் 1-0-0 என்று எழுதியவன் நான்.' அதன் கீழே அக்கா தானாகவே எழுதினார்: 'கொடுக்கும் முன் நான் சரிபார்க்கவில்லை.'

மறுநாள் காலை ஆஸ்பத்திரி டாக்டர் போனில் கேட்டார். எந்தத் தேதியிலிருந்து, மொத்தம் எவ்வளவு? பாட்டிக்கு ஞாபகமில்லை. நோட்டைப் பார்த்துச் சொன்னோம்: நாலு நாளில் 30 மில்லிகிராம். ஃபோலினிக் அமிலம் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பாட்டி வீடு திரும்பினார். மருந்தால் வரும் பாதிப்பைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற எண் இருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும்.

இப்போது கவரில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுத்தில் எழுதுகிறோம். போன வாரம் இதே மாத்திரை வாங்கிய பெரியவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி" என்றார், எங்க அம்மா மாதிரியே. வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். "சந்தை கூடுற அன்னைக்கு மட்டும் ஒண்ணு" என்றார். அந்த வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதினேன்.