லினக்ஸுக்குப் போய்வந்தால் தப்பும் கடிகாரம்

பெங்களூரு எஸ்.பி. ரோடில் வாங்கிய பழைய லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டுவையும் போட்டுக்கொள்வது, நீலசந்திராவில் அறையெடுத்துத் தங்கும் பொறியியல் மாணவர்களுக்குப் புதிதல்ல. அதோடு ஒரு தொல்லையும் வரும். இரவு 8 மணிக்கு உபுண்டுவை மூடிவிட்டு விண்டோஸைத் திறந்தால் பிற்பகல் 2.30 என்று காட்டும். உடனே மதர்போர்டு பேட்டரியை மாற்ற ஓட வேண்டாம்.

முதலில் வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் எதுவும் பழுதில்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரம் லேப்டாப்பை அணைத்த பிறகும் ஓடும். அதில் இருப்பது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அதே அளவு இடிக்கிறது. பன்னிரண்டரையோ பதின்மூன்றரையோ வந்தால் விண்டோஸ் அமெரிக்க பசிபிக் நேரத்திலேயே கிடக்கிறது என்று பொருள். செட்டிங்ஸில் டைம்ஸோனை மாற்றினால் போதும்.

இணையம் கிடைத்ததும் நேரம் தானாகத் திருந்திவிடுமே என்பார்கள். அதற்குள் சேமித்த கோப்புகளில் தப்பான நேரம் பதிந்துவிடும். ப்ராஜெக்ட் கோடு இரண்டிலும் புழங்குகிறதென்றால் எது புதியது என்றே தெரியாது. கணினியிலேயே ஓடிபி உருவாக்கும் செயலிகளும் ஏற்கப்படாத எண்களைத் தரும்.

என் சிபாரிசு, விண்டோஸையும் யுடிசிக்குப் பழக்குவது. முதலில் உபுண்டு டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையைக் கொடுங்கள். டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா என்றும், 'ஆர்டிசி இன் லோக்கல் டிஇஸட்' என்ற வரியில் 'நோ' என்றும் இருக்க வேண்டும்.

அடுத்து விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, முதலில் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். பிறகு ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், டைம்ஸோன் இன்ஃபர்மேஷன் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே புதிதாக ஒரு டிவேர்ட் சேர்த்து 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்று பெயர் கொடுங்கள். நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். மதிப்பு 1.

இனி உபுண்டுவை இணையத்தோடு திறந்து கால்மணி நேரம் ஓடவிடுங்கள்; மதர்போர்டு கடிகாரம் யுடிசிக்கு வந்துவிடும். பிறகு விண்டோஸில் நேரத்தைப் பாருங்கள்.

அலுவலக லேப்டாப்பில் ரெஜிஸ்ட்ரியைத் தொட அனுமதி இருக்காது. அப்போது லினக்ஸ்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்: அதே கட்டளையோடு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' சேர்த்தால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். லினக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் நாடுகளில் அதில் அர்த்தம் உண்டு. நம் நாட்டில் அந்த வழக்கமில்லாததால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் செய்தால் மட்டும் பழைய கதைதான்.

ஒவ்வொரு முறை அணைத்துத் திறக்கும்போதும் தேதி சில ஆண்டுகள் பின்னால் போகிறதா? அப்போது பேட்டரியேதான். பல கணினிகளில் அது சிஆர்2032 நாணய பேட்டரி. லேப்டாப்பில் ஒயரோடு வரலாம். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.