ஒரகடத்து அறையில் ஒரு துறவி நண்டு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் வளர்ப்புக்கு வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளில் தொட்டியைச் சூடாக்குவதற்கே பெரிய இடம் ஒதுக்கியிருக்கும். வெப்பத் தகடு, வெப்ப விளக்கு, அதற்கொரு கட்டுப்பாட்டுக் கருவி என்று பட்டியல் நீளும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் வரை வாடகை அறையில் இருப்பவர்களுக்கு இந்தச் செலவு எதுவும் வேண்டாம். நண்டு கேட்கும் 24 முதல் 29 டிகிரி வெப்பம் இங்கே ஆண்டில் பல மாதங்கள் சும்மாவே கிடைக்கிறது. நமக்குத் தொல்லை குளிர் அல்ல, சித்திரை வைகாசியில் காங்கிரீட் கூரை இறக்கும் சூடு. ஆகவே மிச்சமாகும் பணத்தை மணலின் ஆழம், உப்பு, மாற்று ஓடுகள் ஆகிய மூன்றில் போடுங்கள். அலங்காரத்தில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

செய்ய வேண்டியது: ஓராண்டாவது இதே அறையில் இருப்போமா என்று யோசியுங்கள். இந்த நண்டு தோலுரிக்க மணலுக்குள் இறங்கினால் வாரக்கணக்கில், பெரியதானால் மாதக்கணக்கில், வெளியே வராது. அந்த நேரத்தில் தொட்டியைத் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றினால், அது தனக்காகக் குடைந்த குழி சரிந்துவிடும். தோல் இறுகாத நண்டு அதில் நசுங்கிச் சாகும். ஒப்பந்தம் முடிந்ததும் மாத்தூரிலிருந்து வைப்பூருக்கும், அங்கிருந்து சுங்குவார்சத்திரத்துக்கும் அறை மாறுகிறவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களுக்கு இந்த உயிர் ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய சிப்காட் குடியிருப்பு போன்ற பொதுத் தங்குமிடங்களுக்கும் ஏற்றதல்ல. விளக்கும் கொசு மருந்தும் அங்கே ஒருவர் கையில் மட்டும் இருப்பதில்லை.

செய்யக்கூடாதது: கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கரையில் ஓட்டோடு நடப்பதைப் பொறுக்கி வராதீர்கள். வலை உதறும் இடத்திலும் பாறைக் குட்டையிலும் கிடைப்பவை பெரும்பாலும் கடல்நீருக்குள் வாழும் வகை. மணல் தொட்டியில் அவை சில நாட்களில் செத்துப்போகும். நிலத்தில் வாழும் வகையை அடையாளம் காண கண்களைப் பாருங்கள். கண்காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், முன்னிருக்கும் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். உள்ளே ஒடுங்கும்போது பெரிய இடது கொடுக்கு ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ளும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து நண்டும் எடுக்கக்கூடாது, கிளிஞ்சலும் எடுக்கக்கூடாது. அந்தமான் நிக்கோபாரில் வாழும் தேங்காய் நண்டு இதே குடும்பத்தின் பெரிய உறவு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இன்னொன்று. துறவி நண்டின் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்ந்த பிறகே கரையேறுகின்றன. அதனால் வீட்டிலோ பண்ணையிலோ இனப்பெருக்கம் செய்வது மிக அரிது. கடையில் இருக்கும் நண்டு ஏதோ ஒரு கரையிலிருந்து பிடித்து வந்ததுதான். புதிதாக ஒன்றைப் பிடித்துவரச் சொல்வதைவிட, யாரோ வாங்கிவிட்டுப் பார்க்க முடியாமல் வைத்திருப்பதை ஏற்றுக்கொள்வது நல்லது. கூட்டமாக வாழும் உயிர் என்பதால் இரண்டாக வைத்திருங்கள். நல்ல இடம் அமைந்தால் 30 ஆண்டுகூட வாழக்கூடியது இது.

தொட்டியும் மணலும்

செய்ய வேண்டியது: மீன் கடையில் கசியும் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மீனுக்கு உதவாத தொட்டி நண்டுக்கு நன்றாகவே உதவும், ஏனென்றால் இதில் தண்ணீர் நிரப்பப்போவதில்லை. கண்ணாடியில் விரிசல் இல்லாமல், ஒட்டுப் பசை மட்டும் விட்டிருந்தால் போதும். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பழைய தொட்டி பேரம் பேசி வாங்கலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம் இருந்தால் இரண்டு மூன்று சிறு நண்டுகளுக்குத் தாராளம். மேலே கண்ணாடி அல்லது அக்ரிலிக் மூடி வெட்டி வாங்குங்கள். அதுவும் கையைக் கடித்தால், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, ஒளி ஊடுருவுவதாகப் பார்த்து, வாங்கலாம்.

செய்யக்கூடாதது: கம்பிக் கூண்டு, பறவைக் கூண்டு, வலை மூடி எதுவும் கூடாது. துறவி நண்டு செவுளால் சுவாசிக்கிறது. செவுள் ஈரமாக இருக்க காற்றில் 75 முதல் 85 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். கம்பிக் கூண்டில் ஈரம் தங்காது. நண்டு உடனே சாகாமல், மெல்ல மெல்ல மூச்சுத் திணறிச் சாகும். பார்ப்பவருக்கு அது சோம்பிக் கிடப்பதாகத்தான் தெரியும்.

மணல் விஷயத்தில்தான் நிறைய பேர் சிக்கனம் பார்த்துக் கெடுக்கிறார்கள். குறைந்தது 6 அங்குல ஆழம் வேண்டும். நண்டு பெரியதானால் அதன் உயரத்தைப்போல மூன்று மடங்கு. ஐந்து பங்கு சலித்த ஆற்று மணல், ஒரு பங்கு தென்னை நார்த்தூள். செடி வளர்ப்பவர்கள் வாங்கும் கோகோ பீட் கட்டிதான் அது. உரம் கலக்காததாகக் கேட்டு வாங்கி, ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். மணலையும் கலங்கல் போகும்வரை கழுவி, கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். கலவை புட்டு மாவைவிடச் சற்றே கூடுதல் ஈரமாக இருக்க வேண்டும்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. விரலால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். துளை இடியாமல் நின்றால் நண்டு குடையும் குழியும் நிற்கும்.

சுற்றிலும் கட்டடம் எழும்பும் ஊர் இது, எம்-சாண்ட் இலவசமாகவே கிடைக்கும். அதைப் போடாதீர்கள். பாறையை உடைத்துச் செய்த மணலில் முனைகள் கூராக இருக்கும், தூளும் அதிகம். ஓட்டுக்குள் இருக்கும் நண்டின் வயிறு மிக மெல்லிய தோல், கீறிவிடும்.

எடையையும் கணக்குப் போடுங்கள். 2 அடிக்கு 1 அடித் தொட்டியில் 6 அங்குல ஈர மணல் 40 கிலோவைத் தாண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

தண்ணீர், உப்பு, ஈரம்

- இரண்டு கிண்ணம் வையுங்கள், ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். நண்டு இரண்டையும் ஓட்டுக்குள் எடுத்துத் தன் உடலின் உப்பளவைத் தானே சரிசெய்துகொள்கிறது. முழுகும் ஆழமும், ஏறி வரக் கூழாங்கல்லும் இருக்க வேண்டும்.
- உப்புத் தண்ணீருக்கு மீன் கடையில் மரைன் சால்ட் கேளுங்கள். லிட்டருக்கு 35 கிராம். ஒரு கிலோ வாங்கினால் ஏறத்தாழ 28 லிட்டருக்கு வரும், மாதக்கணக்கில் ஓடும்.
- சமையல் தூள் உப்பு வேண்டாம். அயோடினும், கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் அதில் உண்டு. கல்லுப்பும் போதாது, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் அதில் போதுமான அளவு இல்லை.
- பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில சொட்டு விடுங்கள், அல்லது கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.
- ஈரப்பதமானி ஒன்று கட்டாயம். அலங்காரத்தைவிட அதுதான் முதலில் வாங்க வேண்டிய பொருள்.

அளவுக்கருவியைச் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதை இந்தப் பகுதித் தொழிலாளிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டிலேயே காலிபரேஷன் செய்யலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சேறுபோல் நனைத்து, ஈரப்பதமானியோடு சேர்த்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

கொசு மருந்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். கொசுவத்திச் சுருள், திரவக் கொசு விரட்டி, கரப்பான் ஸ்பிரே, எறும்பு சாக்பீஸ் ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. கணுக்காலிகளின் நரம்பைத் தாக்கிக் கொல்வது அதன் வேலை. நண்டும் கணுக்காலிதான். கொசுவுக்குப் போட்ட புகை நண்டையும் தாக்கும்.

நண்டு இருக்கும் அறையில் கொசுவலை கட்டிப் படுங்கள். ஊராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவுக்குள் வந்தால் சன்னலை மூடி, தொட்டியின் மேல் ஈரத் துணி போர்த்துங்கள். மருந்து தடவிய கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். சாம்பிராணியும் வேறு அறையில்.

ஏறவும் ஒளியவும்

ஆலை வாசலில் மலிவாகக் கிடைக்கும் பேலட் மரத்தைக் கொண்டுவந்து போடாதீர்கள். அவற்றில் நிறையவே பைன், அதன் பிசினும் நெடியும் நண்டுக்கு ஆகாது. எம்.பி. என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது. எச்.டி. என்றால் வெப்பமூட்டியது, அதிலும் எண்ணெயும் கரைப்பானும் சிந்தியிருக்கலாம். கொய்யாக் கிளை, மாங்கிளை, சாயமில்லாத தென்னங்கயிறு, கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சி போதும். செம்புப் பாத்திரம், செம்புக் கம்பி எதுவும் உள்ளே கூடாது.

ஓடு

நண்டு வளர வளர ஓடு மாற்றும். ஒரு நண்டுக்கு நான்கைந்து மாற்று ஓடுகள், இப்போதிருப்பதைவிடச் சற்றுப் பெரியதாக, உள்ளே கிடக்க வேண்டும். ஓடு பற்றாவிட்டால் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துச் சண்டையிடும். வட்ட வாய் உள்ள ஓடுகளைத் தேடுங்கள். நம் ஏரிக்கரைகளில் காய்ந்து கிடக்கும் நத்தை ஓடுகளில் வட்ட வாய் உள்ளவை நிறைய உண்டு. உயிருள்ள நத்தையைத் தொடாமல், காலி ஓட்டை மட்டும் கையுறையோடு எடுத்து, 10 நிமிடம் கொதிக்கவைத்துக் கழுவினால் செலவே இல்லை. பெரிய ஆப்பிரிக்க நத்தையின் ஓட்டைக்கூடப் பல தீவுகளில் துறவி நண்டுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

வர்ணம் பூசிய ஓட்டை வாங்காதீர்கள். வர்ணம் உரிந்து வயிற்றுக்குள் போகும். கிளிஞ்சல் கடையில் பெரிய சங்கு வகைகளை வாங்குமுன், வனவிலங்குச் சட்ட அட்டவணையில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

தேங்காய்ப் பத்தை, பப்பாளி, மருந்தடிக்காத முருங்கைக்கீரை, அவித்த முட்டை ஓட்டோடு நொறுக்கியது, உப்பு சேர்க்காத சென்னாக்குன்னி. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. கேன்டீன் பொட்டலத்தில் மிஞ்சிய காரம், மசாலா, எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம்.

வெயிலும் ஷிஃப்டும்

மே மாதப் பிற்பகல்களில் கடல்காற்று இந்தப் பக்கம் வந்துசேரத் தாமதமாகும். தொட்டிக்குள் 32 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. மேற்குச் சுவரையும் சன்னலையும் விட்டுத் தள்ளி, தாழ்வான மேசையில் வையுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் கோடைக்காலத்தில் வைத்திருக்கவே கூடாது.

சி ஷிஃப்ட் முடிந்து வருபவரும் ஏ ஷிஃப்ட் போகிறவரும் ஒரே அறையில் இருந்தால் டியூப்லைட் அணையவே அணையாது. நண்டுக்கு 12 மணி நேர இருட்டு வேண்டும். மாலையில் கனத்த துணியால் மூடிவிடுங்கள்.

தோலுரிக்கும்போது

நண்டு மணலுக்குள் போய்விட்டால் தோண்டாதீர்கள், தொட்டியை நகர்த்தாதீர்கள், தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். சிறியது நான்கு முதல் எட்டு வாரம் கீழே கிடக்கும், பெரியது இரண்டு மூன்று மாதம். உரித்த தோலைத் தானே தின்று சுண்ணாம்பைத் திரும்பப் பெறும். அதனால் வெளியே கிடக்கும் தோலைக் கண்டாலும் குப்பையில் போடாதீர்கள். செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டிக் கொன்றவர்கள்தான் அதிகம். செத்த நண்டு அழுகிய மீன் வாடை அடிக்கும். அந்த வாடை வராதவரை உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, இரண்டு கிண்ணத்திலும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.