பருப்பு அண்டாவின் மூடி

திருச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். கேட்டரிங் தொழிலுக்குப் போவதாக நீ சொன்னதும், "கரண்டி பிடிக்கவா இவ்வளவு படிக்கவைத்தோம்" என்று உன் அப்பா கேட்டானாம். கரண்டி பிடித்த காசில்தான் அவனை நான் படிக்கவைத்தேன். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், விடு.

படிக்காமல் நேரே என்னிடம் வந்து தொழில் பழகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், முதலில் படி. காரணம் சொல்கிறேன். நான் கல்யாணச் சமையல் தொழிலுக்கு வந்த நாலாம் வருஷம், சித்திரை முகூர்த்தம், எழுநூறு இலை. சாம்பாருக்கான துவரம்பருப்பை முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கே வேகவைத்து, தூசி விழக்கூடாதென்று அண்டாவை இறுக மூடிவைத்தேன். காலையில் திறந்தால் மேலே நுரை கட்டியிருந்தது. கரண்டியால் தூக்கினேன், நூல் நூலாக இழுத்தது. அத்தனையையும் கொட்டிவிட்டு, சீக்கிரம் வேகுமென்று பாசிப்பருப்பு வாங்க ஆளை ஓட்டினோம். முதல் பந்தி காத்துக்கிடந்தது. பெண்ணின் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் கைகூப்பிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

ஏன் கெட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கண்ணேறு என்றுகூட நினைத்தேன். சமைத்த பண்டம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். பெரிய பாத்திரத்தில் நடுவிலிருக்கும் சூடு லேசில் இறங்காது. அகலத் தட்டுகளில் பிரித்து ஆறவைத்துக் குளிரில் வைக்க வேண்டும், இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்கவே வைத்திருக்க வேண்டும். கல்லூரியில் இதைத் தொடக்கத்திலேயே சொல்லித்தருகிறார்கள். நான் ஒரு குடும்பத்தைத் தலைகுனியவைத்துக் கற்றேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணச் சமையலில் பெண்களுக்குக் காய் நறுக்கும் வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும்தான் கொடுக்கிறோம். நானும் அப்படியே நடத்திவிட்டேன், அது தப்பு. கையில் படிப்பு இருந்தால் உன்னை அரிவாள்மனை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போக ஒருவனுக்கும் துணிச்சல் வராது.

தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது. அதற்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், ஆங்கிலமும் கணக்கும் பொது அறிவும் கேட்பார்கள். நமக்குப் பக்கத்திலேயே துவாக்குடியில் மாநில அரசுக் கல்லூரி. ஐ.டி.ஐ.யிலும் உணவு தயாரிப்புப் பிரிவு உண்டு, ஒரே வருஷம், அதையும் மட்டமாக நினைக்காதே. தனியார் கல்லூரி என்றால் விளம்பரத்தை நம்பாமல் நேரில் போய்ப் பயிற்சிச் சமையலறையைப் பார். அடுப்பு புதுசு மாதிரி பளபளத்தால் அங்கே யாரும் சமைப்பதில்லை. கப்பலில் வேலை என்று முன்பணம் கேட்பவனிடம் நிற்கவே நிற்காதே.

படித்து முடித்து பெரிய ஹோட்டலில் சேர்ந்தாலும் கமி செஃப் என்று கடைசிப் படியில்தான் நிற்கவைப்பார்கள். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பாய். பொறுத்துக்கொள். அங்கே ஒரு ஆறு மாசமாவது ஸ்டோரில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கு. எதை என்ன விலைக்கு வாங்குகிறார்கள், எவ்வளவு வீணாகிறது என்று அங்கேதான் தெரியும். ருசியாகச் சமைத்தும் கடனாளியான மாஸ்டர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

காண்ட்ராக்டில் எல்லாமே இந்தக் கணக்குதான். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர், பத்துப் பேர் என்று போடுவோம். ஆனால் காலை டிபன் ஒன்பது மணிவரை ஓடினால் மதியம் சாதம் மிஞ்சும். கிராமத்திலிருந்து வேன் வைத்து வருகிறார்கள் என்றால் கூடுதலாகப் போட வேண்டும். பெண் வீட்டாரிடம் பேசும்போதே இதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வைகாசியில் மூன்று கல்யாணம் பேசியிருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் வா. சாமான் லிஸ்டை நான் சொல்லச் சொல்ல நீ எழுது. காலை முழுக்க மூடுகிற ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு வா, இங்கே தரையெல்லாம் எண்ணெய்.

அன்புடன்,
பெரியப்பா