ஏவலும் வினாவும்

நார்த்தாமலையில் மேலமலையின்மீது விசயாலய சோழீச்சரம் விளங்குகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டினதாகிய அக் கற்றளியைக் கண்டு மீளுங்கால் எம்முள் ஓர் ஐயம் எழுந்தது. பாறை மிகுந்த நாட்டிலே கல்லுடைத்தற்கு வெடி வைப்பின், நிலத்திற் பரவும் அதிர்ச்சி பழங்கட்டடங்களைத் தாக்காதோ? அதனை அளந்தறிவது எங்ஙனம்?

இந்தியச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-ஆம் ஆண்டில் இதற்கோர் எல்லை வகுத்தது. தொன்மைச் சிறப்புடைய கட்டடங்களின் அருகே, விநாடிக்கு 8-க்குக் குறைந்த அதிர்வெண்ணாயின் நிலத்தின் அசைவு வேகம் விநாடிக்கு 2 மில்லிமீட்டரைக் கடத்தலாகாது. 8 முதல் 25 வரையாயின் 5. அதற்கு மேலாயின் 10. மெதுவான அதிர்வே மிக்க கேடு விளைப்பதென்பது இதனாற் பெறப்படும்.

நில அசைவை உணர்கருவி மின்குறிப்பாக மாற்றும். வெப்பநிலை மாறுதலால் அக்குறிப்பில் மிக மெதுவான ஏற்றத்தாழ்வும் கலத்தலுண்டு. முறம் பதரை நீக்குதல்போல் அதனை நீக்குவது மின்வடிகட்டி. அது தனக்கிட்ட எல்லைக்குக் கீழான அதிர்வெண்களைக் குறைத்து, மேலானவற்றைச் செல்லவிடும். கருவியருகே ஆள் நடமாடின் காலடியும் அளவிற் பதியுமாதலின், தொலைவிலிருந்து கணிப்பொறியால் அதனை இயக்குதல் நன்று.

இயக்கும் முறை எளிது. கருவிகளைக் கணிப்பொறியோடு இணைக்கும் பொதுமுறை 1975-இல் நியமிக்கப்பட்டது. அவற்றிற்குரிய பொதுக் கட்டளைமொழி 1990-இல் அமைந்தது. அம்மொழியிற் கட்டளைச்சொல்லோடு ஓர் எண்ணைச் சேர்த்து விடுப்பின் அஃது ஏவல். எண்ணை விடுத்து, அச்சொல்லின் ஈற்றில் வினாக்குறி இடின் அது வினா. கருவி தன்பால் உள்ள எண்ணை விடையாக அனுப்பும்.

ஆய்வுக்கூடத்தில் யாம் செய்த பிழை ஒன்றைக் கூறுதும். வடிகட்டியின் எல்லை 10 அதிர்வில் இருந்தது. அதனை 1 ஆக்குகவென ஏவினோம், வினவினோமில்லை. விநாடிக்கு 5 முறை அதிரும் மின்குறிப்பொன்றைச் செலுத்தி, நில அசைவு 3 மில்லிமீட்டர் வேகமாயின் எவ்வளவோ அவ்வளவு கொடுத்தோம். காட்டியது ஏறக்குறைய 1.3! பின்னர் வினவ, கருவி 10 என்றே விடை பகர்ந்தது. அது முகப்புப் பொத்தானின் வயத்தில் விடப்பட்டிருந்தமையின், எமது ஏவலை ஏற்றிலது. மலைமீது இங்ஙனம் நிகழ்ந்திருப்பின், எல்லை கடந்த அதிர்ச்சியை எல்லைக்குட்பட்டதென எழுதியிருப்போம்!

ஆதலின், மாணவ நண்பர்களே, ஏவியதும் வினவுக. விடை பெற்றபின்னரே அளக்கத் தொடங்குக. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. விடை கருவி தன்னைப்பற்றிக் கூறும் சான்றேயன்றி அதன் செயலுக்குச் சான்றன்று. அளவறிந்த மின்குறிப்பொன்றைச் செலுத்தி, வெளிவருவதையும் ஒப்பிட்டுக் காண்க. ஆயிரம் ஆண்டு கடந்த கற்றளியின் நலத்தைக் கூறும் எண்ணுக்கு இத்துணைக் காவல் மிகையாகாது.